பழமா, பழச்சாறா? தாராவிக் குடும்பங்களின் ஊட்டக் கணக்கு

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பட்டபோது, முதற்கட்டமாக நாடெங்கும் 33 வட்டாரங்களே தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று மும்பை மாநகரின் தாராவி. சுமார் இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்பில் பல லட்சம் மக்கள் வாழும் இப்பகுதியில், நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தலைமுறைகளுக்கு முன் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பெருந்தொகையினர். குழந்தைகளின் ஊட்டக்குறைவை நீக்கும் பணி இங்கே அரை நூற்றாண்டாக நடைபெற்று வருகிறது. இக்காலத்தில் மக்களின் உணவுப் பழக்கமும் பெரிதும் மாறியுள்ளது. அம்மாற்றங்களுள் ஒன்று, பழத்தைக் கடித்து உண்பதற்கு மாறாக வீட்டிலேயே சாறாக்கிப் பருகும் வழக்கமாகும்.

இவ்வழக்கம் பரவ வழிசெய்தது மிக்சி. இந்திய அடுக்களைக்கேற்ற அரைவைப் பொறி 1960களில் மும்பையிலேயே உருவாயிற்று. பின்னர் அது நடுத்தர வர்க்கத்தின் இல்லங்களைக் கடந்து எளியோர் வீடுகளையும் எட்டியது. தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லாப் பொருள்கள் திட்டத்தின் வாயிலாகத் தமிழகக் கிராமங்களிலும் அது பரவலான பொருளாயிற்று. பழம் கிடைக்கிறது, பொறியும் இருக்கிறது, கடையில் வாங்கும் குளிர்பானத்தைவிட வீட்டுச் சாறு நல்லது என்ற எண்ணமும் சரியானதே. ஆயினும், அச்சாறு பழத்திற்கு ஈடாகுமா என்பது வேறு கேள்வி. மட்டான வருவாயில் வாழும் குடும்பத்திற்கு இது சுவை பற்றிய கேள்வியன்று; செலவிடும் காசுக்குக் கிடைக்கும் ஊட்டம் பற்றிய கேள்வியாகும்.

சக்கையோடு போவது எது?

பழத்தில் உள்ள சர்க்கரை அதன் உயிரணுக்களுக்குள் அடைபட்டிருக்கிறது. உயிரணுக்களின் சுவர்கள் நார்ப்பொருளால் ஆனவை. பழத்தை மென்று உண்ணும்போது இச்சுவர்கள் முழுவதும் சிதைவதில்லை. ஆகவே சர்க்கரை சிறிது சிறிதாகவே வெளிப்பட்டுக் குருதியில் கலக்கிறது. பெக்டின் போன்ற கரையும் நார்ப்பொருள்கள் குடலில் கூழ்போல் ஆகி இவ்வேகத்தை மேலும் குறைக்கின்றன. கரையாத நார்ப்பொருள் மலச்சிக்கலைத் தடுக்கிறது. பழத்தைப் பிழிந்து வடிகட்டும்போது சர்க்கரையும் நீரும் கிண்ணத்தில் சேர்கின்றன. நார்ப்பொருளின் பெரும்பகுதி சக்கையோடு வெளியேறிவிடுகிறது.

நடுத்தர அளவுள்ள ஓர் ஆரஞ்சுப் பழத்தில் சுமார் 12 கிராம் சர்க்கரையும் 3 கிராம் நார்ப்பொருளும் உள்ளன. 200 மில்லிலிட்டர் சாறு பெற ஏறத்தாழ மூன்று பழங்கள் தேவை. அச்சாற்றில் சுமார் 17 கிராம் சர்க்கரை இருக்கும். நார்ப்பொருளோ அரை கிராம்கூட இராது. மூன்று பழங்களை ஒருவர் ஒரே வேளையில் உண்பது அரிது. மூன்று பழங்களின் சாற்றை இரண்டு நிமிடத்தில் பருகுவது எளிது.

இவ்வேறுபாட்டை அளந்து காட்டிய ஆய்வொன்று இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நடைபெற்று, 1977இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாயிற்று. பத்துப் பேருக்கு ஆப்பிளை முழுப் பழமாகவும், கூழாகவும், நார் நீக்கிய சாறாகவும் வெவ்வேறு வேளைகளில் கொடுத்தனர். மூன்றிலும் மாவுச்சத்தின் அளவு ஒன்றே. பழத்தை உண்டதைவிட 11 மடங்கு விரைவாகச் சாற்றைக் குடித்து முடித்தனர். பழம் தந்த வயிற்று நிறைவைக் கூழ் தரவில்லை. கூழ் தந்த நிறைவைச் சாறு தரவில்லை. சாற்றுக்குப் பின் இன்சுலின் மிகுதியாகச் சுரந்தது. சற்று நேரத்தில் குருதிச் சர்க்கரை சட்டெனத் தாழ்ந்தது. முழுப் பழத்திற்குப் பின் இத்தகைய வீழ்ச்சி காணப்படவில்லை. சாறு குடித்தவருக்கு விரைவில் மீண்டும் பசியெடுப்பதன் காரணம் இதனால் ஓரளவு விளங்கும்.

சர்க்கரையின் இரு வகைகள்

உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உணவுச் சர்க்கரையை இரண்டாகப் பிரித்து நோக்குகிறது. முழுப் பழத்திலும் பாலிலும் இயற்கையாக உள்ள சர்க்கரைக்கு அது வரம்பு விதிக்கவில்லை. நாம் சேர்க்கும் சர்க்கரை, வெல்லம், தேன் ஆகியவற்றோடு பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் தனிச் சர்க்கரை என்ற வகையில் அது சேர்த்துள்ளது. இவ்வகைச் சர்க்கரை ஒருவர் பெறும் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். 5 விழுக்காட்டுக்குக் குறைந்தால், அதாவது நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் அடங்கினால், மேலும் நன்று. வீட்டில் பிழிந்த சாறாயினும் இவ்வரம்புக்கு விலக்கில்லை. ஒரு குவளை ஆரஞ்சுச் சாற்றில் 17 கிராம். அதில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை சேர்த்தால் மேலும் 8 முதல் 10 கிராம். அந்த ஒரு குவளையிலேயே நாள் முழுவதற்குமான அளவு தீர்ந்துவிடுகிறது. தேநீரும் இனிப்பும் இக்கணக்கில் இன்னும் சேரவில்லை.

நம் நாட்டிற்கு இது சிறிய செய்தியன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேர் நீரிழிவு நோயினர், மேலும் 13.6 கோடிப் பேர் அந்நோயின் முன்நிலையில் உள்ளனர். அமெரிக்காவில் 1,87,000க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வு, திராட்சை, ஆப்பிள் போன்ற முழுப் பழங்களை மிகுதியாக உண்டோரிடம் நீரிழிவு குறைவாகவும், பழச்சாறு மிகுதியாகப் பருகியோரிடம் கூடுதலாகவும் காணப்பட்டதைக் கூறியது. இத்தகைய ஆய்வுகள் தொடர்பைக் காட்டுவனவே. காரணத்தை முற்றாக நிறுவுவன அல்ல. எனினும், உடலில் நிகழும் மாற்றங்கள் பற்றிய முன்னைய ஆய்வுகளோடு இது பொருந்தி வருகிறது.

சிறிய வீடும் சிறிய வருவாயும்

ஆறு சாத்துக்குடி வாங்கிய நால்வர் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பழமாக உண்டால் ஒவ்வொருவருக்கும் ஒன்றரைப் பழம் கிடைக்கும். சாறாகப் பிழிந்தால் இரண்டு அல்லது மூன்று குவளையே தேறும். அதை யார் பருகுவது? காய்ச்சலில் கிடப்பவருக்கோ, உழைத்துத் திரும்பியவருக்கோ, செல்லக் குழந்தைக்கோ அது போய்ச் சேரக்கூடும். தாயின் பங்கு விடுபட்டுப் போதல் எளிது. 2019-21இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினரும், 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினரும் சோகையால் பாதிக்கப்பட்டவர்கள். உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க வைட்டமின் சி துணைசெய்கிறது. ஆகவே தாய்க்கும் பிள்ளைக்கும் பழம் கிடைப்பது இன்றியமையாதது.

வைட்டமின் சி பெற விலையுயர்ந்த பழமும் தேவையில்லை. நூறு கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி உள்ளது. ஆரஞ்சில் இருப்பதைப்போல் இது ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராமும் பெண்ணுக்கு 65 மில்லிகிராமும் போதும் எனப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது. ஒரு கொய்யாவை இருவர் பகிர்ந்து கொண்டாலும் இத்தேவை நிறைவேறிவிடும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல் நாளொன்றுக்கு 100 கிராம் பழம் உண்ணுமாறு கூறுகிறது. சாற்றைவிட முழுப் பழமே சிறந்தது என்றும் அறிவுறுத்துகிறது. நூறு கிராம் என்பது நடுத்தரமான ஒரு கொய்யா அல்லது ஒரு வாழைப்பழம். ஜல்காவ் வாழையும், டகாணு வட்டாரத்துச் சப்போட்டாவும், பருவத்தில் நாகபுரி ஆரஞ்சும் விளையும் மகாராஷ்டிரத்தில், பருவம் அறிந்து வாங்குவோருக்கு இது எட்டாத இலக்கன்று.

நீரும் ஒரு செலவு

இடநெருக்கடி மிக்க தாராவியில் பல வீடுகளுக்குக் குழாய்நீர் நாளில் சில மணி நேரமே வரும். அதைப் பீப்பாயிலும் குடத்திலும் சேமித்தே புழங்க வேண்டும். சாறெடுக்கும் வீட்டில் மிக்சிக் கிண்ணம், வடிகட்டி, குவளை அனைத்தையும் கழுவியாக வேண்டும். சாற்றில் கலக்கும் நீரும் பனிக்கட்டியும் தூயனவாக இருத்தல் வேண்டும். கடைத்தெருவில் வாங்கும் பனிக்கட்டி எல்லாம் உண்ணத் தக்கதன்று. உண்ணத் தகாத பனிக்கட்டிக்கு நீல நிறம் சேர்க்க வேண்டுமென 2018இல் மகாராஷ்டிர உணவு மருந்து நிர்வாகம் விதித்ததன் நோக்கம் இதுவே. மழைக்காலத்தில் இக்கவனம் சற்றே தவறினாலும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நேரிடலாம்; சாற்றால் பெற்ற ஊட்டத்தைவிட நோயால் இழப்பது மிகுதியாகிவிடும். வாழையும் ஆரஞ்சும் தோல் என்னும் இயற்கை உறையோடு வருகின்றன. கையைக் கழுவி உரித்து உண்டால் போதும்.

சாறு பயன்படும் இடங்கள்

இவற்றால் சாறு தீங்கானது என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. பழமே உண்ணாதிருப்பதைவிட, சர்க்கரை சேர்க்காத சாறு சிறிதளவு பருகுவது நன்று. மென்று விழுங்க இயலாத முதியோருக்கும், நோயிலிருந்து தேறுவோருக்கும் அது உதவும். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோருக்குக் குருதிச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்தால், விரைந்து கலக்கும் பழச்சாறே உடனடி உதவியாகிறது. மற்ற வேளைகளில் குறையாகக் கருதப்படும் வேகம் அப்போது பயனாகிறது.

சாறாகவே அருந்த விரும்புவோர் பழத்தை முழுதாக அரைத்து, வடிகட்டாமல், சர்க்கரை சேர்க்காமல், உடனே பருகலாம். நார்ப்பொருள் அரைபட்டாலும் வெளியேறுவதில்லை. விதையுள்ள பழங்களை முழுதாக அரைத்துப் பருகியபோது குருதிச் சர்க்கரை எதிர்பார்த்த அளவு உயரவில்லை எனச் சில அண்மைக்கால ஆய்வுகள் கூறுகின்றன. சாற்றை நெடுநேரம் வைத்திருந்தால் வைட்டமின் சி காற்றுப்பட்டுக் குறையும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

குழந்தைகள் திறத்தில் கூடுதல் கவனம் தேவை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2017இல் தன் முந்தைய அறிவுரையைத் திருத்தி, ஒரு வயது நிறையும் வரை பழச்சாறு வேண்டாம் என்றும், ஒன்று முதல் மூன்று வயது வரை நாளொன்றுக்குச் சுமார் 120 மில்லிலிட்டருக்கு மேற்படலாகாது என்றும் கூறியது. குழந்தையின் சிறு வயிற்றைச் சாறு நிரப்பிவிட்டால் பாலுக்கும் பருப்புச் சோற்றுக்கும் இடமிராது. ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு இணை உணவு தொடங்கும்போது நன்கு மசித்த வாழைப்பழமோ பப்பாளியோ ஏற்றது.

ஆகவே வீட்டுச் சாறு பழத்தின் ஒரு பகுதியைத் தரும், பழத்திற்கு ஈடாகாது. இச்செய்தியை ஒவ்வோர் இல்லத்திற்கும் கொண்டு சேர்க்கும் வாய்ப்பு அங்கன்வாடிப் பணியாளருக்கு உண்டு. தாய்மார் கூட்டங்களில் ஒரு பக்கம் ஒரு குவளைச் சாற்றையும், மறுபக்கம் அதற்காகப் பிழியப்பட்ட மூன்று பழங்களின் சக்கையையும் வைத்துக் காட்டினால் நீண்ட விளக்கம் தேவைப்படாது. காசு கொடுத்து வாங்கிய பழத்தில் எவ்வளவு வீணாகிறது என்பதைக் குடும்பக் கணக்கைக் கையில் வைத்திருக்கும் பெண்கள் தாமே கண்டுகொள்வர்.