எண்களின் நிறங்கள்

பொதுக் காரணிகளுட் பெரியதையும் பொது மடங்குகளுட் சிறியதையும் காணும் விதிகளை மாணவர் பலர் அறிவர். அவ்விதிகள் ஏன் பொருந்துகின்றன என்பதை அறிந்தவர் சிலரே. விதியை மனனஞ் செய்தவன் அதனை மறந்தவிடத்து வழியின்றி நிற்பான். காரணத்தைக் கண்டவன் விதியைத் தானே மீளவும் ஆக்கிக்கொள்வான். அக்காரணத்தைக் கண்ணாற் காண்பதற்கு நிறப்பென்சில்கள் சில போதும்.

ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாததும், ஒன்றிற் பெரியதுமான எண் முதன்மையெண் எனப்படும். முதன்மையெண் ஒவ்வொன்றிற்கும் ஒரு தனி நிறங் கொடுப்போம்: 2 சிவப்பு, 3 நீலம், 5 மஞ்சள், 7 பச்சை. ஏனைய எண்கள் தத்தம் முதன்மைக் காரணிகளின் நிறப்புள்ளிகளைப் பெறும். 12 = 2×2×3 ஆதலின் அதற்கு இரு சிவப்பும் ஒரு நீலமும்; 18 = 2×3×3 ஆதலின் அதற்கு ஒரு சிவப்பும் இரு நீலமும் உரியன. 12 ஐ 3×4 எனப் பிரிப்பினும் 2×6 எனப் பிரிப்பினும் ஈற்றில் எய்தும் புள்ளிகள் அவையே. ஒன்றிற் பெரிய எந்த முழுவெண்ணுக்கும் இஃது உண்மையென்பதை யேர்மன் நாட்டுக் கணித அறிஞராகிய கவுசு 1801 இல் வெளியிட்ட நூலிலே தெளிவுற நிறுவினார்.

இனி, 12 இற்கும் 18 இற்கும் பொதுவான புள்ளிகளை எடுக்க. ஒரு சிவப்பும் ஒரு நீலமும் கிடைக்கும்; 2×3 = 6. இதுவே பொதுக் காரணிகளுட் பெரியது. இரண்டெண்களையும் தன்னுள் அடக்குவதற்குக் குறைந்தது இரு சிவப்பும் இரு நீலமும் வேண்டும்; 2×2×3×3 = 36. இதுவே பொது மடங்குகளுட் சிறியது. 36 இல் ஒவ்வொரு நிறமும் இரட்டையாய் அமைதலின் அது நிறைவர்க்கம் என்பதும் உடனே புலனாகும்.

1 ஏன் முதன்மையெண் அன்று? அதற்கும் ஒரு நிறங் கொடுப்பின், எண்ணின் பெறுமானம் மாறாமலே அந்நிறப் புள்ளிகளை வேண்டியவளவு கூட்டலாம். அப்பொழுது ஓரெண்ணுக்கு ஒரே புள்ளித் தொகுதி என்னும் உண்மை கெடும். ஆகவே 1 நிறமற்றதாகவே இருத்தல் வேண்டும்.

நிறங்கள் என்றேனும் முடிவுறுமோ? மேற்கூறிய நான்கு நிறங்களே உளவெனக் கொள்வோம். 2×3×5×7+1 = 211. இதனை அந்நான்கில் எதனால் வகுப்பினும் 1 மிஞ்சும். ஆதலின் 211 இற்குப் புதியதொரு நிறம் வேண்டும். பெருக்கி ஒன்று கூட்டி வரும் எண் எப்பொழுதும் முதன்மையெண்ணாக இருக்குமெனக் கருதற்க. 2 முதல் 13 வரையுள்ள முதன்மையெண்களைப் பெருக்கி ஒன்று கூட்டின் 30031 வரும். அது 59×509 ஆகும். எனினும் அவ்விரண்டும் புதிய நிறங்களே. ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் யூக்கிளிட்டு அளித்த நிறுவலின் சாரம் இதுவே.

பெட்டியிலுள்ள பென்சில்கள் விரைவில் முடிந்துவிடும்; முதன்மையெண்கள் முடியமாட்டா. அதற்கப்பாலும் மாணவனை வழிநடத்துவது அவன் கண்ட காரணமேயாம்.