அப், ஆஃப், அவுட்: ஆங்கில வினைகளின் ஒட்டுச்சொற்கள்

புதுப்படம் வெளியானால் திரையரங்கு வாசலில் கட்-அவுட். படப்பிடிப்பு முடிந்தால் பேக்-அப். கதாநாயகனுக்குப் புது கெட்டப். அளவுக்கு மீறிப் புகழ்ந்தால் பில்டப். காவல் நிலையத்தில் லாக்கப், வீட்டுமனைக்கு லே-அவுட், நடுவழியில் நின்ற பேருந்துக்கு பிரேக்டவுன். ஆங்கிலம் படிக்காதவர்களும் அன்றாடம் சொல்லும் இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே குடும்பம். முதலில் கட், பேக், லாக், பிரேக் என்று ஒரு சின்ன வினைச்சொல். அதன் பின்னால் அப், அவுட், டவுன் என்று இன்னும் சின்னதாக ஓர் ஒட்டுச்சொல். இரண்டும் சேர்ந்து புதுப்பொருள் தரும் இந்தக் கூட்டணிக்கு ஆங்கிலத்தில் ஃபிரேசல் வெர்ப் என்று பெயர்.

ஆங்கிலம் கற்பவர்களை அதிகம் திணறடிப்பது இதுதான். பிரேக் என்றால் உடைத்தல் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கார் ‘பிரேக்ஸ் டவுன்’ என்றால் பழுதாகி நிற்கிறது. காதலர்கள் ‘பிரேக் அப்’ என்றால் பிரிகிறார்கள். திருடன் ‘பிரேக்ஸ் இன்’ என்றால் வீடு புகுகிறான். போரோ தொற்றுநோயோ ‘பிரேக்ஸ் அவுட்’ என்றால் திடீரென மூள்கிறது, பரவுகிறது. பேச்சுவார்த்தையை ‘பிரேக் ஆஃப்’ செய்தால் பாதியில் முறிக்கிறார்கள். வினை ஒன்றுதான், ஒட்டு மாற மாற வேலை மாறுகிறது.

இவற்றை மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தால் பயம் பாதி குறையும். முதல் வகையில் ஒளிவுமறைவு இல்லை. ‘சிட் டவுன்’ என்றால் கீழே உட்கார், ‘கோ அவுட்’ என்றால் வெளியே போ. இரண்டாம் வகையில் வினை தன் பொருளை விடாது. ஒட்டு அதற்கு ஒரு சாயலைச் சேர்க்கும். ‘ஈட்’ என்றால் சாப்பிடு. ‘ஈட் அப்’ என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. மூன்றாம் வகையில்தான் இரண்டும் கரைந்து வேறொன்றாகின்றன. ‘கிவ் அப்’ என்பதில் கொடுப்பதும் இல்லை, மேலே போவதும் இல்லை; முயற்சியைக் கைவிடுவது என்று பொருள். பட்டியலாக மனப்பாடம் செய்ய வேண்டியது இந்த மூன்றாம் வகையில் ஒரு பகுதியை மட்டுமே. மற்றவற்றுக்கு ஒட்டுச்சொல்லின் குணம் தெரிந்தால் போதும்.

‘அப்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். மேல்நோக்கிய அசைவு அதன் முதற்பொருள்: ‘ஸ்டாண்ட் அப்’, ‘பிக் அப்’. குடத்தில் தண்ணீர் மேலேறி விளிம்பைத் தொட்டால் குடம் நிறைந்துவிட்டது, இனி இடமில்லை. மேலே என்பதிலிருந்து முழுவதும், முற்றிலும் என்ற பொருளுக்குப் போகும் வழி இதுதான். ‘ஃபில் அப்’ நிரப்பிவிடு, ‘யூஸ் அப்’ தீர்த்துவிடு, ‘டேர் அப்’ கிழித்துப்போடு, ‘க்ளீன் அப்’ துப்புரவாக்கு. ‘ஸ்பீக் அப்’ என்று சொன்னால் குரலை உயர்த்து. இங்கே அளவு கூடுகிறது.

‘ஆஃப்’ என்பதன் குணம் பிரிவு. சட்டையை ‘டேக் ஆஃப்’ செய்தால் உடலைவிட்டுக் கழல்கிறது, விமானம் ‘டேக்ஸ் ஆஃப்’ என்றால் தரையைவிட்டுக் கிளம்புகிறது. மின்விசிறியை ‘டர்ன் ஆஃப்’ செய்தால் மின்சாரம் துண்டாகிறது. கூட்டத்தை ‘புட் ஆஃப்’ செய்தால் தேதி தள்ளிப்போகிறது. ‘அவுட்’ என்றால் வெளியே. உள்ளே இருந்தது வெளியே வந்தால் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் ‘ஃபைண்ட் அவுட்’ கண்டுபிடித்தல் ஆனது. உள்ளே இருந்ததெல்லாம் வெளியே போய்விட்டால் மிச்சம் இருக்காது. ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் சுகர்’ என்றால் வீட்டில் சர்க்கரை தீர்ந்துவிட்டது. ‘ஆன்’ தொடர்ச்சியைக் காட்டும்: ‘கோ ஆன்’, ‘கேரி ஆன்’. ‘டவுன்’ குறைவையும் நிறுத்தத்தையும் காட்டும்: ‘ஸ்லோ டவுன்’, ‘காம் டவுன்’.

விதிவிலக்கும் உண்டு. விளக்கு ‘கோஸ் ஆஃப்’ என்றால் அணைகிறது; அலாரம் ‘கோஸ் ஆஃப்’ என்றால் அலறுகிறது; பால் ‘கோஸ் ஆஃப்’ என்றால் கெட்டுப்போகிறது. எது என்று சொல்வது பக்கத்தில் இருக்கும் பெயர்ச்சொல்தான். எனவே இவற்றைத் தனியாகப் படிப்பதில் பயனில்லை. வாக்கியத்தோடுதான் படிக்க வேண்டும்.

தமிழருக்கு இது முற்றிலும் அந்நியமான ஏற்பாடும் அல்ல. எழுது என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள்: எழுதிவிடு, எழுதிவை, எழுதிக்கொள், எழுதிப்பார், எழுதித்தள்ளு. எழுதிப்பார்ப்பதில் கண்ணால் பார்ப்பது இல்லை, எழுதித்தள்ளுவதில் எதையும் தள்ளுவதும் இல்லை. நம் துணைவினைகள் செய்யும் வேலையில் ஒரு பங்கை ஆங்கிலத்தில் ஒட்டுச்சொற்கள் செய்கின்றன. எழுதிவை என்பதை ‘ரைட் டவுன்’ என்றும், செய்துபார் என்பதை ‘ட்ரை அவுட்’ என்றும் சொல்கிறார்கள். தமிழ் கற்கும் வெளிநாட்டவர் ‘வந்து தொலை’ என்பதைக் கேட்டு என்ன பாடுபடுவாரோ, அதே பாட்டைத்தான் நாம் ‘கிவ் அப்’பிடம் படுகிறோம்.

இந்த ஏற்பாடு ஆங்கிலத்துக்கு எப்படி வந்தது? பழைய ஆங்கிலத்தில் இத்தகைய துணுக்குகள் பெரும்பாலும் வினைக்கு முன்னால் ஒட்டின. உறவுமொழியான ஜெர்மனில் இன்றும் ‘அவுஃப்கேபென்’ என்றால் கைவிடுதல். அதன் ‘அவுஃப்’ ஆங்கில ‘அப்’புக்கு இணையானது. ஆங்கிலத்தில் அவை காலப்போக்கில் வினைக்குப் பின்னால் இடம்பெயர்ந்தன. 1154-ஆம் ஆண்டோடு முடியும் பீட்டர்பரோ வரலாற்றுக் குறிப்பேட்டிலேயே, கோட்டையை ஒப்படைப்பதற்கு ‘கிவ் அப்’பின் பழைய வடிவம் வந்துவிட்டது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சுச் சொற்களும், பிற்பாடு கல்வியாளர்கள் வழியே லத்தீன் சொற்களும் பெருகின. அதனால் ஒரே செயலுக்கு இரண்டு சொற்கள் நிலைத்தன: வீட்டில் ‘புட் ஆஃப்’, அலுவலகக் கடிதத்தில் ‘போஸ்ட்போன்’, பேச்சில் ‘கோ ஆன்’, அறிக்கையில் ‘கன்டின்யூ’. நோயாளி ‘த்ரோ அப்’ என்று சொல்வதை மருத்துவர் ‘வாமிட்’ என்று குறித்துக்கொள்வார்.

1755-இல் வெளியான தன் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வெளிநாட்டவருக்குப் பெருந்தொல்லை தருவது இந்த வினைக் கூட்டுகள்தான் என்று சாமுவேல் ஜான்சன் குறிப்பிட்டார். ஃபிரேசல் வெர்ப் என்ற பெயர், 1925-இல் வந்த லோகன் பியர்சால் ஸ்மித்தின் நூலில் இடம்பெற்றது; ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி சொன்ன பெயர் அது. 1930-இல் சி. கே. ஆக்டன், உலகத்தார் எளிதில் கற்க 850 சொற்களில் அடங்கும் ‘பேசிக் இங்கிலீஷ்’ திட்டத்தை வெளியிட்டார். அதில் வினைகள் 18 மட்டுமே. கம், கோ, கெட், புட், டேக் போன்றவற்றோடு திசைச்சொற்களைச் சேர்த்து மற்ற வினைகளின் வேலையை வாங்கிவிடலாம் என்பது அவர் கணக்கு. சொற்கள் குறைந்தன, ஆனால் கூட்டின் பொருள் என்னும் சுமை கற்பவர் தலையில் ஏறியது. இன்று விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென வகுத்த எளிய தொழில்நுட்ப ஆங்கிலம் இதற்கு எதிர்த்திசையில் போகிறது. அங்கே ஃபிரேசல் வெர்ப் அமைக்கக் கூடாது என்பது விதி. ‘கோஸ் ஆஃப்’ என்றால் அலறியதா, அணைந்ததா என்ற குழப்பத்துக்கு அங்கே இடம்கொடுக்க முடியாது.

இனி வாக்கியத்தில் வைக்கும் முறை. ‘டர்ன் ஆஃப் த ஃபேன்’, ‘டர்ன் த ஃபேன் ஆஃப்’ இரண்டும் சரி. மின்விசிறியை ‘இட்’ என்று சுட்டினால் ‘டர்ன் இட் ஆஃப்’ மட்டுமே சரி. ‘டர்ன் ஆஃப் இட்’ தவறு. ஆங்கில வாக்கியத்தின் கடைசி இடம் பொதுவாகப் புதுச் செய்திக்கானது. ‘இட்’ என்பதோ ஏற்கெனவே பேசிய பொருள். அதனால் நடுவில் ஒதுங்கிக்கொள்கிறது. ‘லுக் ஆஃப்டர்’ போன்றவை பிரியாதவை: ‘ஷீ லுக்ஸ் ஆஃப்டர் ஹிம்’ என்றுதான் சொல்ல வேண்டும். எது பிரியும் என்பதற்கு மாணவர் அகராதிகளில் குறிப்பு இருக்கும். பல அகராதிகளில் ‘சம்திங்’ என்ற சொல் நடுவிலும் வருமா, கடைசியில் மட்டும் வருமா என்று பார்த்தால் தெரிந்துவிடும். உச்சரிப்பிலும் ஒரு வேறுபாடு உண்டு. ‘டர்ன் இட் ஆஃப்’ என்னும்போது அழுத்தம் ஒட்டின்மேல் விழும். டேக்-ஆஃப், பிரேக்டவுன் என்று பெயர்ச்சொல்லாகும்போது அழுத்தம் முதல் பகுதிக்குப் போய்விடும்.

நாம் அடிக்கடி தடுமாறும் இடங்கள் சில. பேருந்திலிருந்து இறங்குவதை ‘கெட் டவுன்’ என்கிறோம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அது ‘கெட் ஆஃப்’. எழுந்து நடக்க இடமுள்ள பேருந்து, ரயில், விமானம் எல்லாவற்றுக்கும் ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. காருக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. ‘கோப் அப் வித்’ என்று ஒன்று பொது ஆங்கிலத்தில் இல்லை. ‘கோப் வித்’ மட்டுமே. ‘கீப் அப் வித்’, ‘புட் அப் வித்’ ஆகியவற்றின் ‘அப்’ அதில் தொற்றிக்கொண்டது. கல்லூரிப் படிப்பை முடித்ததை ‘பாஸ்ட் அவுட்’ என்று லண்டனில் சொன்னால், மயங்கி விழுந்ததாக நினைத்துத் தண்ணீர் கொண்டுவருவார்கள். ‘லைட்டை ஆஃப் பண்ணு’ என்று தமிழில் ஒட்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். அது நல்ல தமிழ்ப் பேச்சுதான். அதையே ‘ஆஃப் த லைட்’ என்று ஆங்கிலமாக்கினால் வினை காணாமல் போய்விடும். ‘ஸ்விட்ச் ஆஃப்’ வேண்டும்.

கற்க விரும்புவோர் நோட்டுப் புத்தகத்தில் கெட், டேக், புட் என்று வினைவாரியாக எழுதாமல் அப், ஆஃப், அவுட், ஆன், டவுன் என்று ஒட்டுவாரியாகப் பக்கம் பிரியுங்கள். செய்தியிலோ திரைப்படத்திலோ ஒன்றைக் கேட்டால், அது வந்த முழு வாக்கியத்தையும் அந்தப் பக்கத்தில் எழுதிவையுங்கள். ஒரே பக்கத்தில் பத்து வாக்கியங்கள் சேர்ந்ததும் அந்த ஒட்டின் குணம் பிடிபடும். அதற்குமேலும் பொருள் விளங்காமல் நிற்பவற்றை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்.