பலகையிலே தமிழ்! பலகைக்குக் கீழே?

மாம்பலம் ரயில் நிலையத்திலே இறங்கி, மாலை ஆறு மணிக்கு ரங்கநாதன் தெருவுக்குள்ளே நுழைந்திருக்கிறீர்களா, தோழர்களே? நுழைவது என்று சொல்வதே தவறு. கூட்டம் நம்மைத் தூக்கிக்கொண்டு போய் உஸ்மான் சாலையிலே இறக்கிவிடுகிறது. அந்தக் கூட்டத்திலே கழுத்தை நிமிர்த்திப் பார்க்க ஒரு விநாடி கிடைத்தால், தலைக்குமேலே பலகைகள் தெரியும். ஆளுயர எழுத்து, அடுக்கடுக்காய் எழுத்து, மின்விளக்கிலே ஓடும் எழுத்து! அவற்றிலே தமிழ் எங்கே என்று தேடிப் பாருங்கள். சில கடைகளிலே தலைமேல் இருக்கிறது, மகிழ்ச்சி. சில கடைகளிலே, ஆங்கில எழுத்து யானையாய் நிற்க, அதன் காலடியிலே எறும்பாய் ஊர்கிறது. சில கடைகளிலே அதுவும் இல்லை.

இது எந்த ஊர்? தியாகராயர் பெயரைத் தாங்கிய நகர். பிராமணரல்லாதார் இயக்கத்தை 1916இலே தோற்றுவித்தவர்களில் ஒருவர் பெயர் அது. பக்கத்திலே பூங்கா; அதற்கு நீதிக் கட்சியின் முதலமைச்சர் பனகல் அரசர் பெயர். சற்று நடந்தால் பாண்டி பஜார். யார் அந்தப் பாண்டி? 1929இலே செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார்! அவர் பெயரால் எழுந்த அங்காடி, வாயிலே தேய்ந்து தேய்ந்து பாண்டி பஜார் ஆயிற்று. இத்தனை பெயர்களைத் தாங்கிய வட்டாரத்திலே, தமிழ் எழுத்து இடம் கேட்டு நிற்கலாமா?

"பலகையிலே என்ன இருக்கிறது? பண்டம் நல்லதா என்று பாருங்கள்" என்பார் சிலர். பெயரிலே ஒன்றும் இல்லை என்றால், பெயருக்காக இந்த நாட்டிலே இத்தனை பேர் ஏன் அடிபட்டார்கள்? 1952 ஆகஸ்டிலே ரயில் நிலையப் பலகைகளிலே இந்தி எழுத்தைத் தார்கொண்டு அழித்தோமே, ஏன்? 1953 ஜூலையிலே, கல்லக்குடி என்ற ஊரின் நிலையத்துக்கு வடநாட்டு முதலாளியின் பெயர் வேண்டாம் என்று தண்டவாளத்திலே தலைவைத்துப் படுத்தார்களே, துப்பாக்கி வெடித்து உயிர்கள் போயினவே, ஏன்? விருதுநகர்ச் சங்கரலிங்கனார், இந்த மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடுக என்பதைத் தம் கோரிக்கைகளில் ஒன்றாக வைத்து, 1956இலே உண்ணா நோன்பிருந்தே உயிரை விட்டாரே, ஏன்? அந்தப் பெயர் 1969 ஜனவரி 14 அன்று சட்டப்படி வந்தபோது நாடே பொங்கலோடு பொங்கலாய்க் கொண்டாடியதே, ஏன்?

கடைப் பலகைக்கே வருவோம். 1957இலே திருவல்லிக்கேணி உணவு விடுதி ஒன்றின் பலகையிலே "பிராமணாள்" என்ற ஒரு சொல் இருந்தது. அந்த ஒரு சொல்லை எதிர்த்து, நாள்தோறும் தொண்டர்கள் அணிவகுத்துச் சென்று கைதானார்கள், பெரியாரின் கட்டளைப்படி. ஒரு சொல்தானே என்று அவர் விடவில்லை. உள்ளே யார் உயர்ந்தவன், வெளியே யார் தாழ்ந்தவன் என்பதை அந்தப் பலகைதான் தெருவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆகவே, பலகை வெறும் பலகை அல்ல. இந்தத் தெரு யாருடையது என்று அறிவிக்கும் சாசனம் அது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? தெளிவாகவே சொல்கிறது. 1948ஆம் ஆண்டு விதிகளிலே 15ஆவது விதி: ஒவ்வொரு நிறுவனத்தின் பெயர்ப் பலகையும் தமிழிலே இருக்க வேண்டும். பிறமொழி சேர்ப்பதானால் தமிழுக்குக் கீழேதான் சேர்க்க வேண்டும். தமிழுக்கே கூடுதல் இடம் தரவேண்டும். அளவும் வகுத்திருக்கிறார்கள்: தமிழுக்கு 5 பங்கு, ஆங்கிலத்துக்கு 3 பங்கு, வேறு மொழிக்கு 2 பங்கு. உணவு விடுதிகளுக்கும் இதே போன்ற விதி உண்டு.

கவனியுங்கள். ஆங்கிலம் கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. இந்தி பேசும் வணிகர் தம் மொழியிலே எழுதக் கூடாது என்றும் சொல்லவில்லை. விருந்தாளிக்கு நாற்காலி உண்டு, வீட்டுக்காரிக்குத் தரையில்தான் இடம் என்ற நிலை வேண்டாம் என்கிறது, அவ்வளவே. இது வெறியா?

வெறி என்று பேசுவோர் ஊர் உலகத்தைச் சற்றுப் பார்க்கட்டும். மராட்டியத்திலே 2022இலே சட்டத்தைத் திருத்தி, எல்லாக் கடைப் பலகையிலும் மராத்தி எழுத்து வேண்டும் என்றார்கள். வணிகர்கள் உச்சநீதிமன்றம் வரை போனார்கள். 2023 செப்டம்பரிலே நீதிமன்றம், இரண்டு மாதத்திலே பலகையை மாற்றுங்கள் என்று சொல்லி அனுப்பியது. கர்நாடகத்திலே 2024இலே, பலகையில் நூற்றுக்கு 60 பங்கு கன்னடத்துக்கு என்று சட்டம் செய்தார்கள். கடல் கடந்து கனடா நாட்டுக் கியூபெக் மாகாணத்திலே 1977இலே, கடைப் பலகை முழுவதும் பிரெஞ்சு மொழியிலேதான் என்று போட்டார்கள். பிறமொழியை அடியோடு விலக்குவது செல்லாது என்று 1988இலே அந்நாட்டு உச்சநீதிமன்றம் சொன்னது. பிறகு 1993இலே, பிறமொழி இருக்கலாம், பிரெஞ்சு ஓங்கி நிற்க வேண்டும் என்று திருத்தினார்கள். பிறமொழி வணிகப் பெயர் இருக்கும் பலகையிலே மூன்றில் இரண்டு பங்கு இடம் பிரெஞ்சுக்கு என்ற விதி 2025 ஜூனிலே அங்கே நடப்புக்கு வந்தது. பிறமொழியை விலக்காமல் தாய்மொழிக்கு முதலிடம் தருவது என்று அவர்கள் சுற்றி வளைத்து வந்து சேர்ந்த இடத்திலேதான் நம் விதி நிற்கிறது!

விதி இருக்கிறது, ஏன் நடக்கவில்லை? 2010ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஜூன் மாதம் கோவையிலே உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு. அதை ஒட்டிச் சென்னை மாநகராட்சி, கடைதோறும் தமிழ்ப் பலகை வேண்டும் என்று கெடு வைத்தது. ஏணிகள் ஏறின, வண்ணக் குழம்பு ஓடியது, பலகைகள் மாறின. மாநாடு முடிந்தது, கெடுபிடியும் தளர்ந்தது. பழைய கடை மூடிப் புதிய கடை திறந்தபோது, புதிய பலகையிலே பழைய வழக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதே 2010இலே இன்னொன்றும் நடந்தது. இதே ரங்கநாதன் தெருவின் கதையைச் சொல்லும் "அங்காடித் தெரு" என்ற படம் வந்தது. பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர், அந்தப் படத்திலே பலகைக்குக் கீழே நிற்பவர்களைப் பார்த்தது. தென்மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்த பையனும் பெண்ணும், காலையிலிருந்து இரவு வரை நின்று துணி விரித்து, துணி மடித்து, நெரிசலான கூடத்திலே படுத்து எழுந்து மறுநாளும் வந்து நிற்பதைப் பார்த்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டது. பிறகு? அதே தெருவுக்கு அடுத்த தீபாவளிக்கும் துணி எடுக்கப் போனது.

இங்கேதான், தோழர்களே, நான் சொல்ல வந்த செய்தி இருக்கிறது. அந்த 15ஆவது விதி எந்தச் சட்டத்தின்கீழ் வந்த விதி, தெரியுமா? மொழிச் சட்டத்திலா? இல்லை. ஆட்சிமொழிச் சட்டம் 1956இலே வந்தது. இந்த விதி அதிலே இல்லை. 1947ஆம் ஆண்டு வந்த கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் வந்த விதி இது. அது யாருக்காக வந்த சட்டம்? கடைச் சிப்பந்திக்காக வந்த சட்டம்! பலகையைப் பார்த்துக் குறிப்பெழுத வருகிறவரும் தமிழ்ப் புலவர் அல்லர். தொழிலாளர் துறை ஆய்வாளர்.

அந்தச் சட்டம் வேறு என்ன சொல்கிறது? நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. அதற்குமேல் வாங்கினால் மிகைநேரக் கூலி. 4 மணி நேரம் வேலை செய்தால் 1 மணி நேர ஓய்வு. வாரத்திலே 1 நாள் விடுமுறை. ஓராண்டு பணி முடித்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுப்பு. நோய்க்கு 12 நாள். அவசரத்துக்கு 12 நாள். இத்தனையும் அந்தக் கடையின் நாலு சுவருக்குள்ளே நடக்க வேண்டியவை.

இன்னொன்றும் உண்டு. 2021 செப்டம்பரிலே சட்டசபை இந்தச் சட்டத்திலே 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கிடையே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்காரும்படி, ஒவ்வொரு சிப்பந்திக்கும் இருக்கை போட வேண்டும் என்பது அதன் பொருள். கேட்கவே வெட்கமாக இல்லையா? உட்காருவதற்கு ஒரு சட்டம்! ஆனால் அதுவும் தானாக வரவில்லை. கேரளத்திலே, கோழிக்கோட்டுக் கடைத்தெருப் பெண்கள் கொடி பிடித்துப் போராடியதன் விளைவாக 2018இலே அங்கே வந்தது. மூன்றாண்டு கழித்து இங்கே வந்தது. பத்து மணி நேரம் நின்றே பழகிய கால்களைப் பாருங்கள். நரம்பு சுருண்டு, பாதம் வீங்கி, இடுப்பு இற்றுப்போய், மாதவிலக்கு நாளிலும் தூணிலே சாயக்கூட அஞ்சி நின்ற பெண்களின் கண்ணீர் அந்தப் பிரிவிலே இருக்கிறது.

ஆகவே, பலகையும் இருக்கையும் ஒரே சட்டத்தின் பிள்ளைகள். ஒன்று வாசலிலே நிற்கிறது. இன்னொன்று உள்ளே இருக்க வேண்டும். பலகையைப் பார்த்துக் கோபப்படும் நாம், உள்ளே எட்டிப் பார்த்தோமா? பலகையிலே தமிழை ஏற்றிவிட்டு, அதற்குக் கீழே தமிழ்ப் பெண்ணைப் பத்து மணி நேரம் நிற்க வைத்தால், அந்தப் பலகையிலே இருப்பது தமிழா, வெறும் சாயமா?

மறுபக்கமும் உண்டு. சிப்பந்தியின் உரிமை பேசும் சிலர், பலகையைச் சில்லறை விவகாரம் என்கிறார்கள். சில்லறை அல்ல. ஊரிலிருந்து வந்த தாய் ஒருத்தி, காய்ச்சல் குழந்தையைத் தோளிலே போட்டுக்கொண்டு மருந்துக்கடை தேடுகிறாள். அவளுக்குத் தெரிந்த எழுத்து ஒன்றே ஒன்று. அந்த எழுத்தைப் பலகையிலே காணாவிட்டால், போவோர் வருவோரிடம் கைகட்டிக் கேட்க வேண்டியிருக்கிறது, தன் சொந்த நாட்டுத் தலைநகரிலே! வேலை தேடி வரும் பையனுக்கும் அதே கதிதான். படிக்கத் தெரிந்தவனைப் படிக்காதவன் ஆக்கும் பலகை, ஏழையைத்தான் முதலில் அவமதிக்கிறது. காரிலே வருபவருக்கு வழிகாட்ட ஓட்டுநர் இருக்கிறார்.

"தமிழிலே எழுதினால் வாணிபம் படுத்துவிடும்" என்று ஒரு வாதம். காஞ்சிப் பட்டு தமிழிலே எழுதியதால் விலை போகாமல் கிடந்ததா? திண்டுக்கல் பூட்டு தமிழிலே எழுதியதால் திறந்துகொண்டதா? வாங்குகிறவர் தமிழர், விற்கிறவர் தமிழர், நடுவிலே பலகைக்கு மட்டும் ஏன் வாய் கட்டப்பட வேண்டும்?

என்ன செய்ய வேண்டும், தோழர்களே? முதலிலே நம் வீட்டைப் பார்ப்போம். கழகக் கொடி கட்டிய வீட்டுத் தோழரின் கடையிலேயே "டிரேடர்ஸ்", "எண்டர்பிரைசஸ்" என்று ஆங்கில எழுத்து மட்டும் மின்னினால், ஊருக்கு உபதேசம் எடுபடாது. அவர் கடைச் சிப்பந்திக்கு வார விடுமுறை இல்லையென்றால் அதைவிட வெட்கம் வேறில்லை. முதல் பலகை நம்முடையதாகட்டும். முதல் நாற்காலியும் நம் கடையிலே விழட்டும்.

இரண்டாவது, தார்ச்சட்டி வேண்டாம், கல் வேண்டாம். அன்று தார் எடுத்தோம் என்றால், அன்று சட்டம் நமக்கு எதிரே நின்றது. அதை மீறிச் சிறைக்குப் போவதே வழியாயிருந்தது. இன்று சட்டம் நம் பக்கம் நிற்கிறது. சட்டம் பக்கத்திலே இருக்கும்போது கல்லை எடுப்பவன், தன் வழக்கைத் தானே தோற்கடிக்கிறான். தள்ளுவண்டியிலிருந்து உயர்ந்து இப்போதுதான் ஒரு பெட்டிக்கடை போட்டவனிடம் போய் மிரட்டுவது வீரமல்ல. அவனுக்கு ஒரு பலகை எழுதும் செலவும் சுமைதான். கிளைக் கழகமே ஓவியத் தோழர் ஒருவரை அனுப்பி எழுதிக் கொடுக்கலாம். ஏழு மாடி எழுப்பியவரிடமோ விதியைக் காட்டிக் கேளுங்கள், கேட்காவிட்டால் தொழிலாளர் துறைக்கு எழுத்திலே மனுக் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள், ஒரு மாதம் கழித்து மறுபடியும் போய்க் கேளுங்கள். மாநாட்டுக்கு மாநாடு விழித்துக்கொள்ளும் பழக்கம் போதும்.

மூன்றாவது, அந்த மனுவிலே ஒரு வரியோடு நிறுத்தாதீர்கள். "பலகையிலே தமிழ் இல்லை" என்ற வரிக்குக் கீழே, "உள்ளே இருக்கை உண்டா, வார விடுமுறை உண்டா, எட்டு மணி நேரம்தானா என்பதையும் பார்த்து வருக" என்று எழுதுங்கள். எப்படியும் ஆய்வாளர் வாசல்வரை வரப்போகிறார்; இன்னும் பத்தடி உள்ளே நடக்கட்டும்! சிப்பந்தி தானாக வாய் திறந்தால் மறுநாள் வேலை இல்லை. அவர் சொல்ல முடியாததை வெளியே நிற்கும் நாம் சொல்லலாம். நம்மை வேலையை விட்டு நீக்க அந்த முதலாளியால் ஆகாது.

அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது, கடை வாசலிலே ஒரு கணம் நில்லுங்கள். மேலே பாருங்கள், தமிழ் தலைமேல் இருக்கிறதா? உள்ளே பாருங்கள், துணி விரிக்கும் அந்தத் தங்கைக்குப் பின்னாலே ஒரு நாற்காலி இருக்கிறதா? இரண்டும் இருந்தால் அந்தக் கடைக்காரரைப் பாராட்டிவிட்டு வாங்குங்கள். ஒன்று இல்லாவிட்டாலும், கல்லாவிலே இருப்பவரிடம் ஏன் இல்லை என்று பணிவாக, ஆனால் பத்துப் பேர் காதிலே விழும்படி கேளுங்கள்.