மறைந்திருக்கும் வர்ணம்

அமெரிக்காவின் தென்கிழக்கு மாகாணங்களில் வயல்களிலும் தானியக் களஞ்சியங்களிலும் எலி தேடித் திரிகின்ற, நஞ்சற்றதும் சாந்த சுபாவமுடையதுமான ‘கார்ன் ஸ்நேக்’ என்னும் செம்பழுப்புப் பாம்பு, இன்று கண்ணாடிப் பெட்டிகளில் விதவிதமான வர்ணங்களோடு வளர்க்கப்படுவதன் பூர்வ கதை, 1953இல் வட கரோலினாவில் பிடிபட்ட, கறுப்பு நிறமே இல்லாத ஓர் ஆண் பாம்பிலிருந்து தொடங்குகிறது. ஜார்ஜியாவைச் சேர்ந்த தோல் நோய் மருத்துவரான பெர்னார்ட் பெக்டெல் அதைச் சாதாரணப் பெண் பாம்புடன் சேர்த்தபோது பிறந்த குட்டிகள் யாவும் சாதாரண நிறத்துடனேயே இருந்தன. அவை வளர்ந்து தமக்குள் இணைந்த பின்னரே, அழிந்ததென்று பிறர் எண்ணியிருக்கக்கூடிய அந்த விசித்திரம் 1961இல் மறுபடியும் பிரத்தியட்சமாயிற்று.

மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட நியதியே இது. ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகளாக வந்து சேர்கிறது. கறுப்பு நிறமியை உண்டாக்கும் மரபணுவில் ஒரு பிரதி பழுதுபட்டாலும் மற்றொன்று வேலையை நடத்திவிடுமாதலால், இரண்டும் பழுதுபட்டாலன்றி நிறம் மாறுவதில்லை. பழுதுபட்டது ‘ஓசிஏ2’ என்னும் மரபணு என்பதை ஜெனீவா விஞ்ஞானிகள் 2015இல் கண்டறிந்தனர்.

சிவப்பு இல்லாத வகை இன்னொரு மரபணுவின் விளைவு. இரு குறைகளையும் வெளிக்காட்டாமல் சுமக்கும் ஜோடியை இணைத்தால், பதினாறில் ஒரு பங்கு வாய்ப்பில், கறுப்பும் சிவப்பும் அற்ற ‘ஸ்நோ’ என்னும் வெண்ணிறக் குட்டி பிறக்கும். பதினாறு முட்டைக்கு ஒன்று நிச்சயம் என்று இதற்குப் பொருள் கொள்வோர் அநேகர். தாயக்கட்டை முந்தைய ஆட்டத்தை நினைவில் வைத்திருப்பதில்லை, முட்டையும் அவ்வாறே. பதினாறு முட்டைகளில் ஒன்றுகூட ஸ்நோ ஆகாமற்போகும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம்.

இந்த வியாபாரத்தின் வேடிக்கையான பகுதி, கண்ணுக்குத் தெரியாததற்கு விலை வைப்பது. குறையை மறைவாகச் சுமக்கும் பாம்பை வளர்ப்போர் ‘ஹெட்’ என்கிறார்கள். இரண்டு ஹெட் பாம்புகளுக்குப் பிறந்த சாதாரண நிறக் குட்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு ஹெட்டாக இருக்குமாதலால், எது எதுவென்று அறியாமலே எல்லாவற்றையும் ‘66 சதவீத ஹெட்’ என்று விற்கிறார்கள். கணக்கு சரிதான், ஆயினும் விற்பவர் ஏட்டில் எழுதிய பரம்பரைக் குறிப்பு நேர்மையாயிருந்தாலன்றி அந்தச் சதவீதத்துக்கு மதிப்பில்லை என்பது என் அபிப்பிராயம்.

எல்லா மாற்றமும் இவ்வளவு தீங்கற்றதன்று. மேற்கு ஆப்பிரிக்காவின் ‘பால் பைத்தான்’ (Ball python) என்னும் மலைப்பாம்பில் ‘ஸ்பைடர்’ என்றொரு வகை உண்டு. ஒரே பிரதி இருந்தாலே சிலந்தி வலை போன்ற மெல்லிய கோடுகள் தோன்றிவிடும். ஆனால் அதே மரபணு உட்செவியின் சமநிலை உறுப்புகளையும் கோணலாக்கிவிடுவதை 2022இல் வெளியான ஊடுகதிர் ஆய்வொன்று காட்டியது. தலை நடுங்குகிறது; இரையைக் கவ்வப் பாயும் வாய் குறி தவறுகிறது; சில பாம்புகள் தம்மையறியாமல் மல்லாந்து திருகிக்கொள்கின்றன. குறையை விலக்கி அழகை மட்டும் நிறுத்திக்கொள்ள எந்த வளர்ப்பாளராலும் இயலவில்லை. வாங்குவோர் இருக்கும்வரை வளர்ப்போரும் இருப்பார்களாதலால், ஸ்பைடர் வகையை எவரும் வாங்கலாகாது.