உறங்காக் கால்கள்

பகலெல்லாம் உழைத்த உடம்பு இரவில் ஓய்வை நாடுதல் இயல்பு. ஆயினும் சிலர்க்குப் படுக்கையிற் சாய்ந்தவுடன் கால்களில் ஒருவகைத் தொல்லை தோன்றும். எறும்பு ஊர்வது போலவும், உள்ளே எதுவோ இழுப்பது போலவும் இருக்கும் என்பர். எழுந்து நடந்தால் அது தணியும்; மீண்டும் படுத்தால் மீண்டும் தோன்றும். இதனை ‘அமைதியற்ற கால் நோய்’ என்று மருத்துவர் வழங்குவர்.

இந்நோயை 1672-ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தவர் தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில மருத்துவர். 1945-இல் சுவீடன் நாட்டு மருத்துவராகிய எக்பாம் என்பார் இதனை விரிவாக ஆராய்ந்தார். ஆதலின் ‘வில்லிஸ்-எக்பாம் நோய்’ எனவும் இது வழங்கும்.

வில்லிசுக்கு மற்றொரு புகழும் உண்டு. மூளையின் அடிப்புறத்தில் குருதிக் குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையமாக அமைந்துள்ளன. அவ்வமைப்பினை 1664-இல் தம் நூலில் அவர் தெளிவாக விளக்கினார். இன்றும் அது ‘வில்லிஸ் வளையம்’ எனப்படுகிறது. மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய் அடைபட்டாலும் வெடித்தாலும் நேர்வதே பக்கவாதம். காலின் நோயையும், மூளைக்குக் குருதியூட்டும் வளையத்தையும் அறிஞர் ஒருவரே ஆராய்ந்தமை வியப்பன்றோ? அக்கால் நோய்க்கும் பக்கவாதத்திற்கும் தொடர்பு உண்டா என்பதே இக்கால மருத்துவர் ஆராயும் வினா.

தொடர்பு உண்டு என்று கருதுவதற்கு ஏது இல்லாமல் இல்லை. இந்நோயுடையார் பலர்க்கு உறக்கத்திலும் கால்கள் விட்டுவிட்டு உதறும். ஒவ்வோர் உதறலின்போதும் நாடி விரையும். குருதி அழுத்தமும் உயரும். உயர்ந்த குருதி அழுத்தமே பக்கவாதத்தின் தலையாய காரணம். மேலும், இந்நோயுடையாரிடம் இதயக் குருதிக் குழாய் நோய்கள் மிகுதியாகக் காணப்பட்டன என 2008-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று கூறிற்று.

எனினும், அந்நாட்டில் பல்லாயிரம் மகளிரையும் ஆண் மருத்துவர்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து நோக்கிய ஆய்வொன்று 2012-இல் வெளிவந்தது. கால் நோயுடையார்க்குப் பக்கவாதம் மிகுந்து வந்ததாக அதில் தெரியவில்லை. அன்றியும், மூளையின் சில பகுதிகளைப் பக்கவாதம் தாக்கிய பின்னர் இக்கால் நோய் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. அங்ஙனமாயின் எது காரணம்? எது காரியம்?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. காக்கையே பழத்தை வீழ்த்தியது என்று உடனே துணிதல் அறிவுடைமை ஆகாது. காம்பு முன்னரே கனிந்து நைந்திருக்கலாம். அதுபோல நீரிழிவு, சிறுநீரக நோய் முதலியன இவ்விரு நோய்க்கும் பொதுவாகத் துணை நிற்றல் கூடும். இரண்டு சேர்ந்து காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றொன்றைப் பிறப்பித்தது என முடிவு செய்யலாகாது.

ஆதலின் கால் நோயுடையார் பக்கவாதம் வருமோ என அஞ்சி நடுங்க வேண்டா. நோயைப் புறக்கணித்தலும் வேண்டா. உடம்பில் இரும்புச்சத்துக் குறைவதாலும் இந்நோய் வரும். குருதிச் சோதனையால் அதனை அறிந்து தீர்க்கலாம். குருதி அழுத்தத்தையும் அளந்து பார்த்தல் நன்று. மாலைக்குப்பின் காப்பியைத் தவிர்த்தலும் பலர்க்கு நலம் தரும்.

மாணவர்களே! உங்கள் வீட்டில் அன்னையோ பாட்டியோ இரவில் உறங்காது கால்களைத் தேய்த்துக்கொண்டு உலவுவாராயின், அதனை வீண் பழக்கம் என்று எள்ளாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். ஒருவர்க்குத் திடீரென முகம் ஒருபுறம் கோணினாலும், ஒரு கை தளர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும் அது பக்கவாதத்தின் குறியாகலாம். அப்போது கைவைத்தியம் பார்த்துக் காலம் போக்காமல் 108 என்னும் எண்ணை அழையுங்கள். குருதிக் கட்டியைக் கரைக்கும் மருந்தினைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்துதல் வேண்டும். சிறு குறியையும் இகழாமை, ஆராயாது அஞ்சாமை ஆகிய இரண்டுமே நோயறிவின் பயன் என அறிவீர்களாக.