உடம்புக்குள் சுழலும் சக்கரம்

சாப்பிட்ட சோறு உடம்பில் எரிகிறது என்கிறோம். அடுப்பு விறகுபோல எரிந்தால் நாமே வெந்துபோவோம். செல் செய்வது வேறு: அணை கட்டித் தேக்கி, சக்கரம் சுற்றுகிறது.

சோறு செரித்து, குளுக்கோஸாகி, இரத்தத்தோடு செல்லுக்குள் போகிறது. ஆனால் தசை சுருங்கவோ நரம்பு சேதி அனுப்பவோ குளுக்கோஸை அப்படியே செலவழிக்க முடியாது. டவுன் பஸ்ஸில் 500 ரூபாய்த் தாளை நீட்டினால் கண்டக்டர் என்ன சொல்வார்? சில்லறைதான் செல்லும். செல்லின் சில்லறை ஏடிபி. கார்ல் லோமன் 1929-இல் கண்டறிந்த மூலக்கூறு. அதன் வாலில் மூன்று பாஸ்பேட்டுகள். கடைசி பாஸ்பேட் கழலும்போது வேலை நடக்கிறது. கழன்றதைத் திரும்ப மாட்டினால் மறுபடி ஏடிபி.

மாட்டும் வேலையில் பெரும்பகுதி செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் சிறு உறுப்புக்குள் நடக்கிறது. உணவிலிருந்து பிரித்த எலக்ட்ரான்கள் அதன் உள்சவ்வுப் புரதங்கள் வழியே படிப்படியாக இறங்குகின்றன. அப்போது கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு புரதங்கள் புரோட்டான்களைச் சவ்வுக்கு அந்தப் பக்கம் இறைத்துத் தள்ளுகின்றன. தேங்கிய புரோட்டான்கள் திரும்பிப் பாயும் மதகில் இருக்கிறது ஏடிபி சிந்தேஸ் என்னும் சக்கரம். ஒரு சுற்றுக்கு 3 ஏடிபி.

1961-இல் பீட்டர் மிச்செல் இந்தத் தேக்கக் கணக்கைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒரு பழைய மாளிகையைச் செப்பனிட்டு ஆய்வகமாக்கி அவர் வேலையைத் தொடர்ந்தார். 1978-இல் நோபல் பரிசு வந்தது. சக்கரம் சுழல வேண்டும் என்று பால் பாயர் கணித்திருந்தார். 1994-இல் ஜான் வாக்கர் குழு அதன் வடிவத்தை எக்ஸ் கதிர்களால் படம்பிடித்தது. 1997-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சக்கரத்தின் தலைப்பகுதியைக் கண்ணாடியில் கவிழ்த்து ஒட்டி, அதன் அச்சில் ஒளிரும் இழை ஒன்றைக் கட்டினார்கள். ஏடிபி ஊட்டியதும் சக்கரம் எதிர்த்திசையில் ஓட, இழை சுற்றியது. மைக்ராஸ்கோப்பில் கண்ணாலேயே பார்த்தார்கள். பாயருக்கும் வாக்கருக்கும் நோபல் கிடைத்ததும் அதே ஆண்டில்தான்.

நம் உடம்பில் எந்த நேரமும் இருக்கும் ஏடிபி கால் கிலோவுக்கு மேல் தேறாது. ஆனால் ஒரு நாளில் செலவாவது கிட்டத்தட்ட நம் எடை அளவு. ஒவ்வொரு மூலக்கூறும் நாளுக்கு நூற்றுக்கணக்கான தடவை கழன்று, மாட்டப்படுகிறது. கையிருப்பு சில நிமிடத்துக்குத்தான்.

மூச்சு எதற்கு என்பதும் இங்கே விளங்கும். படியிறங்கிய எலக்ட்ரான்களைக் கடைசியில் வாங்கிக்கொள்வது ஆக்சிஜன். வாங்க ஆளில்லாவிட்டால் மேலே இருப்பவை நகராது. இறைப்பு நிற்கும், தேக்கம் வடியும், சக்கரம் ஓயும். சயனைடு கொல்வது இப்படித்தான்: இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கும், செல்லால் அதைப் பயன்படுத்த முடியாது.