பைக்கைத் தூக்க எந்த ஜாக்கி?



பால் கேனும் புல்லுக்கட்டும் சுமக்கிற பைக்குக்குச் செயினும் பிரேக் ஷூவும் சீக்கிரம் தேயும். சின்னச் சின்ன வேலைகளை வீட்டுச் சாய்ப்பிலேயே பார்த்துக்கொள்கிறவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். பின் சக்கரத்துக்குச் சென்டர் ஸ்டாண்டே போதும். தொல்லை முன் சக்கரத்தில்தான். அதைக் கழற்றணும்னா என்ன செய்கிறோம்? பையனைக் கூப்பிட்டு, "பின்னாடி கேரியர்ல உட்காருடா" என்கிறோம். முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், சக்கரத்தையும் கழற்றிவிடுவோம. யாரோ கூப்பிட்டாங்கன்னு பையன் இறங்கி ஓடினால்? வண்டி அப்படியே முன்னால் சாயும். அந்த இடத்தில் உங்கள் கை இருக்கும்.

இதுக்குத்தான் ஜாக்கி. கடையில் முதலில் "எத்தனை டன்?" என்பார்கள். அதில் மயங்க வேண்டாம். ஸ்பிளெண்டர் சுமார் 112 கிலோ. புல்லட் 350-ஏ சுமார் 195 கிலோதான். 2 டன் ஜாக்கி இதுக்கு ரொம்ப அதிகம். நாம் பார்க்க வேண்டியது ஜாக்கியின் உயரமும் தலையும். ஸ்பிளெண்டருக்கு அடியில் இருக்கிற இடைவெளி 165 மில்லிமீட்டர், அதாவது ஆறரை அங்குலம். கீழே பலகை போட்டால் இன்னும் குறையும். கார்க்காரர் வைத்திருக்கிற பாட்டில் ஜாக்கிகளில் பல அதற்குள் நுழையாது. நுழைந்தாலும் அதன் தலை சின்னது. வண்டி அதன்மேல் ஆடும், வழுக்கும். பைக்குக்கென்றே தட்டையான திருகு ஜாக்கி விற்கிறது. மேலே அகலமான தட்டு, அதில் ரப்பர் ஒட்டியிருக்கும். அதையே வாங்குங்க. வாங்கப் போகுமுன் உங்கள் வண்டியின் அடியை டேப் வைத்து அளந்துகொண்டு போங்க.

சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டியா? அப்போ ஜாக்கி மட்டும் போதாது. பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்துகிற தனி ஸ்டாண்டு கிடைக்கிறது, முதலில் அதை வாங்கிக்கொள்ளுங்க.

இனி வேலைக்கு வருவோம். மண் தரையானால் ஜாக்கி ஒரு பக்கமாக அழுந்தும். அடியில் கெட்டியான பலகை போடணும். செங்கல் வேண்டவே வேண்டாம். அது சொல்லாமல் கொள்ளாமல் உடையும். சென்டர் ஸ்டாண்டு போட்டபின், ஸ்டாண்டின் காலிலிருந்து முன்பக்க பிரேம் குழாய்க்கு ஒரு கயிறு இழுத்துக் கட்டுங்க. வண்டி முன்னால் நகர்ந்தால்தான் ஸ்டாண்டு பின்னால் மடங்கும். கயிறு அதை மடங்க விடாது. மெனக்கெட்டு ஏன் கட்டணும் என்று நினைக்காதீங்க, இரண்டு நிமிஷ வேலைதான்.

அச்சு நட்டைத் தரையில் சக்கரம் இருக்கும்போதே ஒரு சுற்று தளர்த்திவிடணும். தூக்கிய பிறகு ஸ்பானரைப் போட்டு இழுத்தால் வண்டியே சாய்ந்துவிடும்.

ஜாக்கியை எங்கே கொடுப்பது? என்ஜினுக்கு அடியில் பிரேம் குழாய் ஓடினால் அதில் கொடுங்க. குழாய் இல்லாத வண்டியில் என்ஜினுக்கும் ஜாக்கிக்கும் நடுவே மரப்பலகை வைக்கணும். என்ஜின் உறை அலுமினியம். ஒரே இடத்தில் பாரம் விழுந்தால் விரிசல் விடும். ஆயில் வடிக்கிற போல்ட்டிலும் சைலன்சர் குழாயிலும் கொடுக்கவே கூடாது. சக்கரம் தரையை விட்டு இரண்டு விரல்கடை எழுந்தால் போதும். பிறகு ஜாக்கிக்குப் பக்கத்திலேயே ஒரு புளியங்கட்டையைச் செருகி, பாரம் அதன்மேலும் உட்காரும்படி செய்யுங்க. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்குக் கட்டை. ஹாண்டில்பாரைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்க. ஆடாவிட்டால் சக்கரத்தைக் கழற்றலாம்.

டிஸ்க் பிரேக் வண்டியில் சக்கரம் வெளியே இருக்கும்போது பிள்ளைகள் பிரேக் பிடியை அழுத்திவிடுவார்கள். பேடு இரண்டும் ஒட்டிக்கொண்டு, பிறகு டிஸ்க் உள்ளே போகாது. நடுவில் ஒரு மெல்லிய மரச்சில்லைச் செருகி வையுங்க.

பின் சக்கரத்தைத் தூக்கிச் செயின் துடைக்கும்போது என்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுங்க. என்ஜின் ஓட ஓடத் துடைத்தால் துணியோடு விரலும் பற்சக்கரத்துக்குள் போய்விடும்.

திருகு ஜாக்கிக்கு மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் போதும். ஏற்கெனவே ஆயில் ஜாக்கி வைத்திருப்பவர்கள் அதை முழுக்க இறக்கி வைக்கணும், தண்டு துருப்பிடிக்காது. ஆயில் குறைந்தால் ஜாக்கி ஆயிலே ஊற்றுங்க. கையில் இருக்கிறதே என்று பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் கெட்டு, பாரம் ஏற்றியதும் இறங்கத் தொடங்கிவிடும்.